கரவனுக்கு ஜாக்கி வாங்கப் போனது

சுவிசில் வில் என்ற ஊரில் இருக்கும் என் மகள் சுகந்தியிடம் மூன்று மாத விசாவில் போயிருந்தேன். அதற்குள் நாலு நாள் கரவனில் ஊர் சுற்றினோம். மலையும் ஏரியும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதத்தான் கொப்பியை எடுத்தேன். ஆனால் முதலில் ஞாபகத்தில் வந்து நிற்பது ஒரு ஜாக்கிதான். சில்லு மாற்றும்போது வண்டியைத் தூக்குகிற அந்த இரும்புச் சாமான். வெட்கமாக இருந்தாலும் அதையே எழுதுகிறேன்.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, சாமான் கழுவ ஒரு தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். எங்களுடையது அல்ல. மருமகன் நகுலனின் சிநேகிதர் நேசன் இரவல் தந்தது. இருவரும் சுவிசுக்கு வந்த புதிதில் டாவோசில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினவர்கள். நேசனுக்கு இப்போது அறுபது வயதிருக்கும். கரவனை வேறு ஒருவருக்கும் கொடுத்தது இல்லையாம். வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கீழே போய் ‘வாங்கோ’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் சாமான் ஏற்றினோம். என் கணவர் மோசம்போய் நான் தனித்த பிறகு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடுவதில்லை. மச்சம் காய்ச்சின சட்டியில் எனக்குச் சமைத்துச் சாப்பிடவும் ஏலாது. நேசன் வீட்டார் போன கிழமைதான் கரவனில் நண்டு காய்ச்சினார்களாம். மகளும் மருமகனும் இறைச்சி சுட்டுச் சாப்பிட ஆசையோடு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார்கள். என் சட்டி இரண்டையும் அகப்பையையும் எங்காவது தனியாக வைக்க வேண்டும். ‘எனக்குக் கொஞ்சம் இடம் தா’ என்று கேட்டால் மகள் தந்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை. மருமகனின் விடுமுறையில் நான் ஒரு பாரமாகத் தொற்றிக்கொண்டு போகிறேன், இதில் சட்டிக்கும் இடம் கேட்பதோ என்று இருந்தது.

அவர்கள் மேலே போன நேரம் கரவனுக்குள் இருக்கையின் பலகையைத் தூக்கினேன். கீழே ஒரு பெட்டி. அதற்குள் சிவப்புச் சாக்கில் சுற்றின ஒரு இரும்பு கிடந்தது. சாக்கு நழுவியபோது பார்த்தேன். கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே மடிகிற கை, நடுவில் திருகுகிற நீளமான புரியாணி, உச்சியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு நாக்கு. எல்லாம் கிரீஸ். யாரோ கழற்றிப் போட்ட பழைய சாமான் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மகளின் கெல்லருக்குக் கொண்டுபோனேன். மாடிவீட்டுக்காரர் எல்லோருக்கும் நிலத்துக்கு அடியில் ஒரு சாமான் அறை இருக்கிறது, அதைத்தான் கெல்லர் என்கிறார்கள். அங்கே சூட்கேசுகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, பெட்டியைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்து, என் சட்டிகளை அடுக்கினேன். நல்ல காரியம் செய்த மாதிரித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு ஏரிக்கரையில் தங்கினோம். வரிசையாகக் கரவன்கள். முன்பின் தெரியாதவர்களும் காலையில் ‘குரூயட்சி’ என்று வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஊரில் தெரிந்தவரைக் கண்டாலே நான் வேலிக்கரையோடு ஒதுங்கிப் போகிறவள். இங்கே முற்றமும் இல்லை, வேலியும் இல்லை. கரவனின் கதவைத் திறந்தால் நேரே சனத்துக்குள் இறங்க வேண்டும். மகள் சிரித்தாள். “அம்மா, திருப்பி ஒரு குரூயட்சி சொன்னால் வாயிலை இருக்கிற பல்லு கொட்டுண்டிடாது.”

“எனக்கிருக்கிறதே நாலு பல்லு” என்றேன்.

கோப்பை கழுவ எல்லோருக்கும் பொதுவாக ஒரு இடம் இருந்தது. போனால், அரைக்காற்சட்டை போட்ட பெரிய மனிதர்கள் மூன்று பேர் வரிசையாக நின்று கழுவுகிறார்கள். மனைவிமார் வெளியில் கதிரை போட்டுப் பத்திரிகை வாசிக்கிறார்கள். ஒருவர் சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, தன் தூரிகையை எனக்கு நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தத் தூரிகையால் என் சட்டியைத் தேய்த்தேன். அவர் போன பிறகு, ஒருவரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, மூன்று தரம் திருப்பிக் கழுவினேன். நல்ல மனதோடு நீட்டினதை நான் அப்படிக் கழுவினேன். இரவு அதே சட்டியில் கத்தரிக்காய்ப் பாற்கறி வைத்துப் புட்டோடு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கரவனுக்குக் காற்றுப் போனது. டப் என்று ஒரு சத்தம், பிறகு பின்னுக்கு யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி ஆட்டம். நகுலன் மெல்ல மெல்ல ஓரம் கட்டி, சோளத்தோட்டம் ஒன்றின் பக்கத்தில் புல்லில் ஏற்றி நிறுத்தினார். ஒரு பக்கத்து ரயர் கிழிந்து தோல் மாதிரித் தொங்கியது. எங்கள் ஊரில் உழவுயந்திரப் பெட்டிக்கு இப்படி நடந்தால் நாலு பேர் ஓடி வந்து தோள் கொடுப்பார்கள், ஒருவர் கல் அடுக்குவார், ஐந்தாவது ஆள் ஏசுவார். இங்கே கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. ஒரே ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

மேலதிகச் சில்லு கரவனுக்கு அடியில் இருந்தது. நகுலன் உள்ளே போய் இருக்கைப் பலகையைத் தூக்கினார். என் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கவனமாகப் புல்லில் வைத்தார். பிறகு வெறும் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“ஜாக்கியைக் காணேல்லை” என்றார்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஜாக்கி என்றால் லொறிக்காரர் வைத்திருக்கிற தடித்த குழாய் மாதிரி ஒன்று என்றுதான் எனக்குத் தெரியும்.

காரில் ஜாக்கி இல்லை. புதுக் கார்களுக்குப் பசை அடைத்த ஒரு போத்தல்தான் கொடுக்கிறார்களாம், கிழிந்த ரயருக்கு அது சரிவராது. கரவனின் நாலு மூலையிலும் மடித்த கால்கள் இருந்தன. நகுலன் அதில் ஒன்றை இறக்கிச் சுற்றித் தூக்கப் பார்த்தார். சைக்கிள்காரர் இரண்டு கையையும் ஆட்டித் தடுத்தார். அது ஆடாமல் நிற்கத்தானாம், தூக்கினால் வளைந்துவிடுமாம். வீதி உதவிக்காரருக்குப் போன் அடித்தால், விடுமுறைக் கூட்டம், நாலு மணித்தியாலம் செல்லும் என்றார்கள்.

சுகந்தி நேசனுக்குப் போன் எடுத்தாள். போனைச் சத்தமாக வைத்தாள்.

“அண்ணை, ஜாக்கி இல்லாமல் கரவனைத் தந்திட்டியளே.”

“இல்லைப் பிள்ளை, வைச்சனான். சிவப்புச் சாக்கிலை சுத்தி, சீற்றுக்குக் கீழை. நான்தான் வைச்சனான்.”

அப்போது எனக்கு விளங்கியது. கெல்லரில் சூட்கேசுகளுக்குப் பின்னால் கிடந்தது அதுதான்.

“நாங்கள் பாத்திட்டம் அண்ணை. அதுக்கை ஒண்டும் இல்லை.”

“வடிவாய்ப் பார் பிள்ளை.”

“பாத்ததைத்தானே சொல்லுறன். மறந்திட்டன் எண்டு சொல்லுங்கோவன், அதிலை என்ன? ஏன் வைச்சனான் வைச்சனான் எண்டு பொய் சொல்லுறியள்?”

பிறகு போன் நின்றுவிட்டது. திருப்பி எடுத்தபோது அவர் எடுக்கவில்லை.

அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். ஆனால் சைக்கிள்காரர் பக்கத்தில் நிற்கிறார், என் சட்டிகள் வீதியோரத்தில் கண்காட்சி மாதிரி இருக்கின்றன, மகளின் முகம் கோபத்தில் சிவந்திருக்கிறது, மருமகன் முழங்காலில் நிற்கிறார். நான் குனிந்து சட்டி மூடியில் ஒட்டின புல்லைத் துடைத்தேன்.

பக்கத்துச் சிறுபட்டணத்தில் வாகனச் சாமான் கடை ஒன்று இருப்பதாகச் சைக்கிள்காரர் சொன்னார். சனிக்கிழமை நாலு மணிக்குப் பூட்டு. அடுத்தநாள் ஞாயிறு, ஒன்றும் திறக்காது. நகுலன் காரைக் கரவனிலிருந்து கழற்றினார். எனக்குச் சலம் வந்து அரைமணித்தியாலம் ஆகியிருந்தது. நான் நிற்கிற விதத்தைப் பார்த்து மகளுக்கு விளங்கிவிட்டது. “அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோப்பா, கடையிலை ரொய்லெற் இருக்கும்” என்றாள். மருமகனுக்கு முன்னால் இப்படிச் சொன்னாளே என்று முகத்தை எங்கே வைப்பது எனத் தெரியவில்லை. நானும் அவரும் தனியாகக் காரில் போனது அதுதான் முதல்தரம்.

கடைக்காரி ஒரு வயதான பெண். நரைத்த கட்டைத் தலைமயிர், நகத்துக்குள் கறுப்பு எண்ணெய். நான் ரொய்லெற்றால் வந்தபோது ஜாக்கிகளைத் தட்டிலிருந்து இறக்கி நிலத்தில் வரிசைப்படுத்தியிருந்தா. நகுலன் அவ சொன்னதைத் தமிழில் எனக்குச் சொன்னார். சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. சும்மா நிற்க அவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும்.

“உதுகளுக்கை எது எண்டு கேட்டால், முதல் பாரம் பாக்க வேணுமாம் மாமி. சாமானோடை ஆயிரத்து முந்நூறு கிலோ வரும் எண்டன். அப்ப எல்லாமே தாங்குமாம். பாரம் பிரச்சினை இல்லை. உயரம்தான் பிரச்சினையாம்.”

கடைக்காரி போத்தல் மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஜாக்கியைக் காட்டினா. பலம் கூட, விலை குறைவு. ஆனால் காற்றுப்போன கரவன் நிலத்தோடு பதிந்து கிடக்கும், இந்த உயரம் அதற்கு அடியில் போகாது. மற்றது முதலை மாதிரிப் படுத்துக் கிடக்கிற, சில்லு வைத்த ஜாக்கி. அது அடியில் போகும். ஆனால் சீமெந்துத் தரையில்தான் உருளும், புல்லில் புதையும், கரவனுக்குள் வைத்துக்கொண்டு போகவும் பெரிய பாரம். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த இடத்தில் கொடுத்துத் தூக்குவது என்று தெரிய வேண்டும். கரவனின் அடித்தட்டு வெறும் பலகை. பிழையான இடத்தில் கொடுத்தால் பலகை பிய்ந்து, கரவன் வழுக்கி விழும்.

“பழைய ஜாக்கி எப்பிடி இருந்தது எண்டு கேக்கிறா. அதைத் தெரிஞ்சால் எது சரி எண்டு உடனை சொல்லலாமாம்.” நகுலன் நேசனுக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிசம்.

அவர் குனிந்து போத்தல் ஜாக்கியைத் தூக்கினார். “இதை எடுப்பம். புல்லைக் கிண்டிப் பள்ளமாக்கி வைக்கலாம். நான் கீழை படுத்துப் பிடிச்சுக்கொள்ளுறன், சுகந்தி சுத்தட்டும்.”

கடைக்காரிக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் அவர் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினா. நான் அந்தக் கரவனையும், அதற்குக் கீழே படுத்திருக்கிற அவரையும், சுற்றுகிற என் மகளையும் மனக்கண்ணில் கண்டேன். நான் வாயைத் திறக்காமல் நின்றால் நடக்கப்போவது அதுதான்.

“தம்பி, உது இல்லை” என்றேன். அவரைப் பார்த்து அல்ல, தட்டைப் பார்த்து.

“என்ன மாமி?”

“அது உப்பிடி இல்லை.”

எப்படி என்று சொல்ல வார்த்தை வரவில்லை. மேசையில் ஒரு குமிழ்முனைப் பேனையும் பெட்டி மூடி ஒன்றும் கிடந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், படம் கீறிப் பழக்கம் இல்லை. என்றாலும் கீறினேன். குறுக்கே மடிகிற கை, நடுவில் புரியாணி, உச்சியில் பக்கவாட்டு நாக்கு.

கடைக்காரி மூடியைத் திருப்பிப் பார்த்தா. ‘ஆ’ என்று ஒரு சத்தம். நேரே பின்னறைக்குப் போனா.

நகுலன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “எங்கை கண்டனீங்கள் மாமி?”

“கெல்லரிலை இருக்கு. நான்தான் கொண்டுபோய் வைச்சனான். ஜாக்கி எண்டு தெரியாது.”

“ஏன் எடுத்தனீங்கள்?”

“மரக்கறிச் சட்டி வைக்க இடம் இல்லை.”

அவர் ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். போத்தல் ஜாக்கியைத் திருப்பி அதே இடத்தில் வைத்தார். தூசி படிந்த வட்டத்துக்குள் சரியாக வைத்தார். கடைக்காரி நான் கீறின மாதிரியே ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்து, ஏதோ சொன்னா.

“நல்லாய்க் கீறியிருக்கிறியளாம்” என்றார் நகுலன். நான் அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

திரும்பி வந்ததும் காரைக் கரவனோடு கொழுவி, கைப்பிரேக் போட்டு, மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். தூக்குவதற்கு முதல் கிழிந்த சில்லின் ஆணிகளை அரைவாசி இளக்கினார். சில்லுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் ஒரு பொந்து இருந்தது. ஜாக்கியின் நாக்கு அதற்குள் போய்ச் சிக்கென்று இருந்தது. அடியில் ஒரு பலகைத் துண்டு. கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கரவன் பிள்ளை எழும்புகிற மாதிரி மெல்ல எழும்பியது. அதற்குக் கீழே ஒருவரும் படுக்கத் தேவை இருக்கவில்லை. அரைமணித்தியாலத்தில் முடிந்தது.

“கெட்டிக்காரன்தான். எப்பிடிச் சரியானதைக் கண்டுபிடிச்சனீங்கள்?” என்று மகள் கேட்டாள்.

“கடைக்காரிக்குத் தெரிஞ்சிருந்தது” என்றார். நான் காருக்குள் ஏறினேன். அவர் எனக்காகப் பொய் சொல்கிறார், நான் அந்தப் பொய்யில் ஏறி இருந்துகொண்டு போகிறேன். மகளோ வழி முழுக்க நேசனைப் பற்றித்தான் கதைத்தாள்.

ஞாயிறு டாவோசில் இருந்தோம். மலை கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற உயரம். ஆடி மாதத்திலும் உச்சியில் வெள்ளை. நகுலன் எங்களை ஒரு ஹோட்டலின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். முன்பக்கம் மாளிகை மாதிரி, பின்பக்கம் குப்பைத் தொட்டியும் ஒரு சின்னக் கதவும்.

“இந்தக் கதவாலைதான் நானும் நேசண்ணையும் வந்து போறனாங்கள். முதல் பனி கொட்டேக்கை என்னட்டைச் சப்பாத்து இல்லை. தன்ரையைக் கழட்டித் தந்திட்டு, அண்ணை சமையலறைச் செருப்போடை பஸ்சுக்கு நடந்தது. கேட்டால், எனக்குக் குளிராது எண்டது.”

சுகந்தி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்பிடிப்பட்ட மனிசன் ஏனப்பா பொய் சொன்னது?”

நகுலன் ரோட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் ஒளித்திருப்பேன்.

“அந்தாள் பொய் சொல்லேல்லைப் பிள்ளை” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னேன்.

மகள் முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறியது. “மூண்டு நாளாய் ஒரே கரவனுக்கை படுத்து எழும்பிறம். சட்டி வைக்க இடம் தா எண்டு என்னட்டைக் கேக்க என்னம்மா வெக்கம்? நான் ஆர் உங்களுக்கு?” புருசன் பக்கம் திரும்பினாள். “நீங்களும் தெரிஞ்சுகொண்டே நிண்டனீங்கள்?”

“மாமி சொல்லுவா எண்டு பாத்தன்” என்றார் நகுலன்.

அவள் போனை எடுத்து நேசனின் இலக்கத்தை அமத்தி, என்னிடம் நீட்டினாள். “நான் பொய்யெண்டு சொன்னதுக்கு நான் பிறகு கேக்கிறன் மன்னிப்பு. முதல் நீங்கள் கதையுங்கோ.”

முன்பின் பழகாத ஆம்பிளையோடு நான் போனில் கதைத்தது கிடையாது. மணி அடித்தது. இந்தத் தரம் எடுத்தார்.

“தம்பி, நான் சுகந்தியின்ரை அம்மா. ஜாக்கி நீங்கள் வைச்சனீங்கள். சிவப்புச் சாக்கிலை சுத்தி வைச்சனீங்கள். நான்தான் தெரியாமல் எடுத்துக் கெல்லரிலை வைச்சிட்டன். நேற்றுச் சொல்லியிருக்க வேணும். வெக்கத்திலை சொல்லேல்லை.”



“அம்மா,” என்றார் நேசன், “நேற்றிலையிருந்து ரெண்டு தரம் என்ரை கெல்லரைக் கிண்டிப்போட்டன். போன மாதம் அடுப்பை நிப்பாட்டாமல் வேலைக்குப் போனனான். மனிசி அதையும் இதையும் சேத்து, எனக்கு மறதி வருத்தம் துவங்கிட்டுது எண்டு அழுறா. திங்கக்கிழமை டொக்டரிட்டைப் போவம் எண்டு நிக்கிறா. நானும் அப்பிடித்தான் நம்பினன் அம்மா. வைச்சது கண்ணிலை நிக்குது, ஆனால் வைக்கேல்லை எண்டு நம்பினன்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். அவர் போனைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் நடந்தார் போலிருந்தது. ஒரு கதவு திறந்தது. குரல் தூரத்தில் கேட்டது.

“இஞ்சேரும், நான் வைச்சனானாம். அந்த அம்மா சொல்லுறா. சாக்கிலை சுத்தி நான்தான் வைச்சனானாம்.”

மனைவி என்ன சொன்னாவோ தெரியாது. அவர் அதையே இன்னொரு தரம் சொன்னார்.

“என்னவாம் அம்மா?” என்று சுகந்தி கேட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.